ஒரு ஜாமீன் பத்திரத்தின் கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அரசு வேலைக்குப் போகப்போற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். ஜாமீன் பத்திரக் கோப்பைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தா நான். அதையே சொல்கிறேன்.

என் ஊர் கொத்தமங்கலம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்பிய காலத்தில், சொந்தக்காரப் பிள்ளையானாலும் சம்பளச்சீட்டு எழுதித்தான் கப்பல் ஏற்றுவார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. "நம்பிக்கை இருக்குறதாலதான்டா எழுதுறோம்" என்பார்கள் எங்கள் ஐயா.

அரசாங்கத்திலும் அதே கதைதான். பணமோ பண்டகமோ கையாளும் ஊழியர் பிணை கொடுக்க வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. கட்டிய பிணைத்தொகையைப் பதவியை விட்டபின் 6 மாதமாவது வைத்திருப்பார்கள். பத்திரமோ, இனித் தேவையில்லை என்று உறுதியாகும் வரை கோப்பிலேயே இருக்கும். கையாடல் வெளியே வர வருடக்கணக்காகலாம் அல்லவா!

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் காசாளருக்கு அவருடைய மாமனார் ஜாமீன். ஜாமீன்தாரர் உயிரோடு இருக்கிறாரா, சொத்து அப்படியே இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுவது என் வேலை. முந்தைய வருடக் குறிப்பைப் பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று இரண்டு வருடம் எழுதினேன். பிறகு ரொக்கம் குறைந்தது. பத்திரத்தை எடுத்தால், மாமனார் எப்போதோ இறந்துவிட்டார். அந்தச் சாவுக்கு மாலை வாங்கிப் போனவர்களில் நானும் ஒருவன்! கோப்பில் இருந்த பெயரும் அந்த மனிதரும் ஒன்று என்று எனக்குத் தோன்றவேயில்லை.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 131ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், ஜாமீன்தாரர் இறந்தபின் நடந்ததற்கு அந்தத் தொடர் ஜாமீன் செல்லாது. எங்கள் பத்திரத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. காசாளரின் மனைவி தாலியைத் தவிர எல்லா நகையையும் விற்றார். மிச்சத்தில் ஒரு பங்கை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அது நியாயம்தான்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களையும் யாராவது, "சும்மா ஒரு கையெழுத்துதான் மாப்பிள்ளை" என்று ஜாமீனுக்குக் கேட்பார்கள். அவர் பொறுப்பு எவ்வளவோ, உங்கள் பொறுப்பும் பொதுவாக அவ்வளவு என்கிறது 128ஆம் பிரிவு. படித்துவிட்டுப் போடுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், காகிதத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஆளைப் பார்த்து எழுதுங்கள்.