சம்பளம் பெற்றுப் பயிர்த்தொழில் பயிலுதல்
(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



பயிர்த்தொழில் பிறப்போடு வருவதென்றும், அதனைக் கற்க வாத்தியார் வேண்டியதில்லையென்றும் கிராமங்களில் ஓர் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. தச்சன் மகன் பட்டறையில் சில வருஷம் கையாளாக நின்ற பின்னரே தொழிலாளி என்று மதிக்கப்படுகிறான். உழவன் மகனோ, தகப்பன் கண்மூடிய மறுநாளே முழு விவசாயி ஆகிவிடுகிறான். தகப்பன் கெட்டிக்காரனாயிருந்தால் நிலத்தோடு அந்தத் திறமையும் மகனுக்குக் கிட்டும். தகப்பன் எருக்குழியை வெயிலிலும் மழையிலும் திறந்துபோட்டுச் சாரத்தை இழந்தவனாயிருந்தால், அந்தப் பிழையும் பட்டாவோடு கைமாறும். நிலமில்லாதவன் மகனின் நிலை இதனினும் கடினமானது. அவன் சிறு வயது முதல் ஏர் பிடிக்கிறான், நாற்று முடி சுமக்கிறான். ஆயினும் விதை பொறுக்குவதும், வரவு செலவு பார்ப்பதும், எந்த நாளில் எந்த வேலை என்று தீர்மானிப்பதும் அவனுக்கு ஒருவரும் காட்டுவதில்லை. கூலியாளாகத் தொடங்கியவன் கூலியாளாகவே முதுமை அடைகிறான்.

இவ்விருவரையும் ஒரே வகுப்பில் உட்காரச் செய்து, ஒரே பரீட்சைக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று ஜெர்மனி தேசத்தில் நடைபெற்று வருகிறது. அத்தேசம் ஐக்கிய சங்கத்தார்க்குப் புதியதன்று. 1864-ஆம் வருஷத்தில் ஹெட்டஸ்டார்ப் என்ற ஊரில் கிராமத்தாருக்கெனக் கடன் சங்கம் நிறுவிய ரெய்பெய்சன் அந்நாட்டவரே. சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் சென்னை மாகாண சர்க்காருக்காக 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கைப் பாகங்களில் அம்முறையை விரிவாக ஆராய்ந்தார். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு அவ்வறிக்கை வழிகாட்டியது. கடன் கொடுக்கும் முறை கடல் கடந்து வந்த அளவுக்கு, கடன் வாங்கிய கைக்குத் தொழில் பழக்கும் முறை வரவில்லை.

அதன் தொடக்கம் ஒரு பஞ்சத்தில் இருக்கிறது. 1815-இல் கிழக்கிந்தியத் தீவுகளில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசியும் ஆகாயத்தில் பரவியதனால், மறு வருஷம் ஐரோப்பாவில் கோடைகாலமே இல்லாமற் போயிற்று. தானியம் முற்றாமல் அழிந்தது. வுர்ட்டெம்பெர்க் ராஜ்யத்தில் ஜனங்கள் பசியால் மிக வருந்தினர். அரசர் முதலாம் வில்லியம் 1818-இல் ஹோஹென்ஹைம் என்னுமிடத்தில் ஒரு விவசாயக் கல்விச்சாலையை நிறுவி, ஷ்வெர்ட்ஸ் என்ற நிபுணரை அதற்குத் தலைவராக்கினார். படித்தவர்களுக்குரிய வகுப்புகளோடு, கையால் உழைக்கும் வாலிபர்க்கும் அங்கே ஒரு பள்ளி அமைந்தது. அவர்கள் பண்ணையில் வேலை செய்தனர். அவ்வுழைப்பே அவர்களுடைய உணவுக்கும் படிப்புக்கும் ஈடாயிற்று. ரெய்பெய்சன் பிறந்ததும் அதே 1818-இல் என்பது தற்செயலே. எனினும் சங்கத்தார்க்கு அதை நினைவில் வைப்பதில் ஒரு திருப்தி உண்டு.

இன்றைய ஏற்பாடு 1969-ஆம் வருஷத்துத் தொழிற்பயிற்சிச் சட்டத்தையும், பிற்காலத்தில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களையும் ஆதாரமாகக் கொண்டது. விவசாயம் பயில விரும்பும் வாலிபனோ பெண்ணோ, பயிற்சி கொடுக்கத் தகுதி பெற்ற ஒரு பண்ணைக்காரரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். காலம் பொதுவாக மூன்று வருஷம். வேலை நேரம், விடுமுறை, சம்பளம் யாவும் அவ்வொப்பந்தத்தில் கண்டிருக்கும். வயது வராதவனாயின் பெற்றோரும் கையொப்பமிடுவர். அது விவசாய மன்றத்திலோ அதற்குரிய சர்க்கார் அலுவலகத்திலோ பதிவாகும். முதலில் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் நான்கு மாதத்துக்கு மேற்படாமலும் பரிசோதனைக் காலம் உண்டு. அதற்குள் இருவரில் எவரும் விலகலாம். அது கடந்த பின் தக்க காரணமின்றிப் பண்ணைக்காரர் பயில்பவனை வெளியேற்ற இயலாது. அவனோ, இத்தொழிலே வேண்டாமென்று எண்ணினால், நான்கு வாரம் முன்னறிவித்து விலகிக்கொள்ளலாம்.

சம்பளத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கற்பவன் அல்லவா கற்பிப்பவனுக்குக் காணிக்கை செலுத்த வேண்டும், இது தலைகீழாக இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் காணிக்கை கேட்கும் கல்வி, வீட்டில் சோறு உள்ளவனுக்கே எட்டும். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற குடும்பத்துப் பையன் மூன்று வருஷம் சும்மா கற்க முடியாது. 2020-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து அங்கே சட்டமே குறைந்தபட்சத் தொகையை விதித்திருக்கிறது. அவ்வருஷம் பயிற்சி தொடங்கியவனுக்கு முதல் வருஷத்தில் மாதம் 515 யூரோவுக்குக் குறைதல் ஆகாது. இரண்டாம் வருஷத்தில் அதன்மேல் நூற்றுக்கு 18-உம், மூன்றாம் வருஷத்தில் நூற்றுக்கு 35-உம் கூடும். அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டு வந்திருக்கிறது. பயில்பவன் பண்ணை வீட்டிலேயே உண்டு உறங்கினால் அச்செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஆயினும் நூற்றுக்கு 75-க்கு மேல் கழித்தல் கூடாது. கால் பங்காவது கையில் பணமாகச் சேரவேண்டும். சாப்பாடு போட்டோமே, பின் சம்பளம் எதற்கு என்னும் பழைய வழக்கு இங்கே செல்லாது.

சம்பளம் கொடுப்பதனால் பண்ணைக்காரர் அவனை மலிவான ஆளாக எண்ணி, மூன்று வருஷமும் சாணி அள்ளவே விட்டுவிடக் கூடுமே என்ற ஐயம் நியாயமானது. அங்கும் அத்தகைய பண்ணைகள் இல்லாமலில்லை. அதற்காகவே சட்டம், பயிற்சிக்கு உதவும் வேலைகளையே அவனுக்குக் கொடுக்கலாமென்றும், அவை அவன் உடல்வலிமைக்கு ஏற்றவையாக இருக்கவேண்டுமென்றும் கூறுகிறது. பயில்பவன் தான் செய்ததையும் கற்றதையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரவேண்டும். எந்த வயலில் எந்த விதை, ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, கன்று ஈன்ற பசுவுக்கு என்ன தீனி என்பன போன்றவை அதில் ஏறும். பண்ணைக்காரர் அதைப் பார்வையிட்டுக் கையொப்பமிடுவார். அப்புத்தகம் இல்லாதவன் இறுதிப் பரீட்சைக்கு அனுமதிக்கப்படான். ஆகவே வெறும் சாணி அள்ளிய மூன்று வருஷமும் பக்கம் பக்கமாக வெளிப்பட்டுவிடும். பயிற்சி ஆலோசகர் என்ற உத்தியோகஸ்தரிடம் முறையிடவும் இடமுண்டு. தகாத பண்ணையின் பயிற்சியுரிமையைப் பறிக்கவும் அதிகாரமுண்டு.

வயலில் கற்பதோடு பள்ளியும் சேர்ந்தே நடக்கிறது. சில இடங்களில் வாரத்தில் ஓரிரண்டு நாளும், வேறு சில இடங்களில் தொடர்ந்து சில வாரங்களாகவும் தொழிற்பள்ளிக்குச் செல்லவேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தல் கூடாது. மண்ணின் தன்மை, பயிர்நோய், கால்நடை வளர்ப்பு, பண்ணைக் கணக்கு ஆகியவை அங்கே பாடமாகும். பெரிய யந்திரங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் டெயுலா என்னும் பயிற்சிச்சாலைகளில் தனி வகுப்புகள் நடக்கின்றன. காலையில் பால் கறந்த கையே மாலையில் தீவனச் செலவுக்கும் பால் வரவுக்கும் கணக்குப் போடுகிறது. ஒரு பசு தன் தீனிக்கு ஈடு கொடுக்கிறதா இல்லையா என்பதை அவன் பதினேழு வயதிலேயே கணக்கிட்டுப் பார்க்கிறான்.

இவ்வேற்பாட்டில் மிகவும் சிறந்த பகுதி வேறொன்று. சொந்தப் பண்ணை உள்ளவர் மகனும் பெரும்பாலும் தன் வீட்டிலேயே மூன்று வருஷமும் கழிப்பதில்லை. ஒரு வருஷமாவது அந்நியர் பண்ணையில் இருந்து கற்கிறான். தகப்பனிடம் கேட்கக் கூசும் கேள்வியை மற்றவரிடம் கேட்கலாம். தகப்பன் மகனைத் திருத்தும்போது கலக்கும் கோபமோ செல்லமோ அங்கே இல்லை. வேறொருவர் வேறுவிதமாகச் செய்தும் விளைவது உண்டென்று கண்ணால் காண்பவன், ஊர் திரும்பியதும் சொந்த வயலைப் புதுக் கண்ணோடு பார்க்கிறான். வீடு திரும்பிய சில மாதம் தகப்பனுக்கும் மகனுக்கும் சச்சரவு எழுவதுமுண்டு. அது இல்லாவிடில் அவன் ஒன்றும் கற்கவில்லை என்றே கொள்ளலாம்.

நிலமில்லாத பையனுக்கு இப்பயிற்சி நிலம் கொடுத்துவிடுவதில்லை. அங்கும் நிலத்தின் விலை எளியவனுக்கு எட்டுவதன்று. சிலர் பெரும் பண்ணைகளில் பொறுப்புள்ள பணியில் அமர்கின்றனர். மிகச் சிலர், வாரிசில்லாத முதியவரிடமிருந்து பண்ணையைக் குத்தகைக்கோ, அவருடைய ஆயுட்காலப் பராமரிப்புக்கு ஈடாகவோ பெறுகின்றனர். ஆனால் கூலியாளுக்குரிய ஊதியத்துக்கும் தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குரிய ஊதியத்துக்கும் உள்ள வேற்றுமையை அவன் கையிலுள்ள பத்திரம் நிலைநாட்டுகிறது.

பரீட்சை நடத்தும் குழுவில் பண்ணைக்காரர் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருப்பர். பள்ளி ஆசிரியர் ஒருவராவது உடனிருப்பார். எழுத்துப் பரீட்சையோடு, பயிர் வேலையிலும் கால்நடை வேலையிலும் செய்து காட்டி, ஏன் அவ்வாறு செய்தான் என்பதற்கு வாய்மொழியாக விடை கூறவேண்டும். தேறியவன் சில வருஷம் தொழில் நடத்தி, மேல்வகுப்புகளும் கற்றபின், மைஸ்டர் என்னும் பட்டத்துக்குரிய பரீட்சைக்குச் செல்லலாம். அப்பரீட்சையில், அவன் ஒரு புதுப் பயிலுநனை அருகே நிறுத்தி, ஒரு வேலையைப் பிறர்க்குக் கற்பிக்கத் தெரியுமா என்பதைப் பரீட்சகர் முன்னிலையில் காட்டவேண்டும்.