ஏழு இதழும் ஏழு பேர்ச்சும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கட்டடத் துறையில் இருப்பவள் என்பதால் பூவையும் கட்டடத்தையும் இணைத்துப் பேசச் சொன்னார்கள். கேட்டவுடன் பலருக்குக் கொழும்புதான் நினைவுக்கு வந்திருக்கும். 2011இல் திறந்த நெலும் பொக்குண அரங்கு, 2019இல் திறந்த தாமரைக் கோபுரம் இரண்டும் தாமரையின் சாயலில் எழுந்தவை. பார்க்க அழகானவைதான். ஆனால் அவை பூவிடமிருந்து வாங்கியது உருவத்தை. நான் பேச வந்தது பூ வாழும் விதத்தைப் பற்றி.

பூச்செடி நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. வேர் பிடித்த மண், தலையில் விழும் மழை, மேலே படும் வெயில், இவ்வளவுதான் அதன் வரவு. அதற்குள் வாழ்ந்து, வண்டுக்குத் தேன் கொடுத்து, உதிர்ந்த பின் மண்ணுக்கு உரமாகிறது. கட்டடக்கலைஞர் ஜேசன் மெக்லெனன் இதையே அளவுகோலாக்கினார். 2006இல் வெளிவந்த அந்தத் தரநிலைக்கு 'வாழும் கட்டடச் சவால்' என்று பெயர். அதன் பிரிவுகளை இதழ்கள் என்றே அழைக்கிறார்கள். இடம், நீர், ஆற்றல், உடல்நலமும் மகிழ்ச்சியும், கட்டுபொருள், நீதி, அழகு என ஏழு இதழ்கள். வரைபடத்தைப் பார்த்து மட்டும் இதற்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆட்கள் குடிவந்த பின் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டடம் சொன்னபடி நடந்து காட்ட வேண்டும். சியாட்டில் நகரில் 2013இல் திறந்த ஆறு மாடிப் புல்லிட் மையம் இந்த நோக்கத்தோடு கட்டப்பட்டது. மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடுகள் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏழு இதழையும் கையில் வைத்துக்கொண்டு நம் லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை, காற்று வராத சுவர், மேலே தகரம். கோப்பிக் காலத்தில் ஆட்களை ஓரிடத்தில் வைத்துக்கொள்ளக் கட்டிய அச்சு அது. தேயிலை வந்தும் அச்சு மாறவில்லை. தேயிலைச் செடியும் வெள்ளை இதழோடு அழகாகப் பூக்கும். கொழுந்து வேண்டும் என்பதால் கவ்வாத்து வெட்டி, பறித்துப் பறித்து, அதைப் பூக்க விடுவதில்லை. செடிக்கு நடந்ததுதான் அதைப் பறித்தவர்களின் வீட்டுக்கும் நடந்தது.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. 550 சதுர அடிக் கூரையில் அது ஏறத்தாழ 97,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிப் போனாலும் நாளொன்றுக்கு 200 லீற்றருக்கு மேல் வரும். பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்ற நம் தாய்மாரின் தலைக்கு மேலேயே அந்தத் தண்ணீர் ஓடிப் போயிருக்கிறது. பீலியும் தாங்கியும் இருந்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: நிரம்பி வழியும் நீரைச் சரிவில் திறந்துவிடாமல் வடிகான் கட்டி இறக்க வேண்டும். மண்ணுக்குள் ஊறும் நீர்தான் மலையைச் சரிக்கிறது.

அடுத்தது கட்டுபொருள். இந்தத் தரநிலை அடியோடு விலக்கிய பொருள்களில் அஸ்பெஸ்டோஸும் ஒன்று. அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நம் அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டோஸைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் இங்கே அந்தக் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது; அங்கே தேயிலைத் தடையும் நீங்கியது. நம் பெண்கள் பறித்த கொழுந்தை வைத்து நாட்டின் கூரை பேரம் பேசப்பட்ட கதை இது.

இடம் என்ற இதழைச் சொல்லும்போது மீரியபெத்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எழுந்து போய்க் குடியேற அந்த மக்களுக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகம் முழுவதும் மண் சரிந்தபோதும் அதே கேள்விதான்: எங்கே போவது?

ஆகவே, என் கணக்கில் நீதி என்ற இதழ்தான் மற்ற ஆறையும் தாங்குகிறது. 2018 ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, தனி வீடு. ஏழு இதழுக்கு ஏழு பேர்ச். நல்ல தொடக்கம். ஆனால் அந்த ஏழு பேர்ச்சுக்கு உறுதி கையில் இருக்க வேண்டும். நாளை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நிச்சயம் இருந்தால்தான் ஒரு குடும்பம் பேரிக்காய் மரம் நடும், சரிவில் வெட்டிவேர் வைக்கும், தாங்கிக்குக் காசு சேர்க்கும். உறுதி இல்லாத வீட்டில் எத்தனை சூரியத் தகடு பூட்டினாலும் அது ஜாடியில் செருகிய பூதான்.

கந்தப்பொலையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமல் 1996இல் ஹோட்டலாக்கினார்கள். பழைய கட்டடத்துக்கு மறுவாழ்வு கொடுப்பது மெச்சத்தக்க வேலை. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் கிடைக்கும் அந்தக் கவனம் ஆட்களின் வீட்டுக்கும் வர வேண்டும். வராதவரை மலையகத்தில் 'பசுமை' என்ற சொல்லை நாம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

அழகு என்ற இதழை மட்டும் யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் பால்மா டின்னில் டேலியாவும் ரோசாவும் வைக்காத லயம் உண்டா? காணி இல்லாத காலத்திலேயே நம் அம்மாமார் பூ வளர்த்தார்கள்.

நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு ஒரு கட்டடம் எழுப்பப் போவதாகச் செயலாளர் அறிக்கையில் சொன்னார். கட்டடக் குழுவிடம் நான்கு கேள்விகளை வைக்கிறேன். மண்ணைப் பரிசோதித்த பிறகுதான் இடம் தெரிவு செய்வீர்களா? கூரை நீரைச் சேர்ப்பீர்களா? அஸ்பெஸ்டோஸ் வேண்டாம் என்று எழுத்தில் போடுவீர்களா? கல் சுமக்கும் அக்காவுக்கு மேசனுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய கூலி கொடுப்பீர்களா? திறப்பு விழாவோடு நின்றுவிடாமல், பன்னிரண்டு மாதம் கழித்து ஒரு கணக்கும் கேளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் சட்டத்தரணிகள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள், கடல் கடந்து வாழ்பவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். நம்மில் பலர் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வந்தவர்கள். கட்டடத்துக்குக் காசு தாருங்கள். அதோடு, காணி உறுதிக்காக அலையும் ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க ஒரு நாளும் தாருங்கள். அந்த வேலைக்கு இந்தச் சங்கம் ஒரு குழு அமைத்தால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.