வெயிலும் தோலின் முதுமையும்



இலங்கையின் வடமுனையாகிய பருத்தித்துறைக் கரையிலே வலை இழுக்கும் முதியவர்களின் கைகளை நோக்குங்கள். புறங்கை கறுத்துத் தடித்து, ஆழ்ந்த வரிகள் ஓடியிருக்கும். மேற்கையின் உட்புறமோ மிருதுவாக இருக்கும். இரண்டிற்கும் வயது ஒன்றே. உண்ட சோறும் ஒன்றே. வேறுபாடு வெயிலால் வந்தது.

தோலின் முதுமை இருவகைப்படும். காலம் தருவது ஒன்று; கதிரவன் தருவது மற்றொன்று. வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் தோலினுட் புகுந்து, அதற்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றன. இழை நைந்த வலைபோலத் தோலும் தொய்ந்துவிடுகின்றது. 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுச் சாரதி ஒருவரின் படத்தை 2012ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்று வெளியிட்டது. யன்னற் கண்ணாடியை ஊடுருவிய கதிர்களால் அவருடைய முகத்தின் இடப்பக்கம் மட்டும் தடித்துச் சுருங்கியிருந்தது.

நமது கரிய நிறத்திற்குக் காரணமான மெலனின் நமக்கொரு காவல் என்பது உண்மையே. ஆயினும் அது முழுக் கவசம் அன்று. நம்மவரிடம் சுருக்கம் தாமதித்தே வரும். கரும்புள்ளிகளும் திட்டுகளும் முந்திவிடும்.

பருத்தித்துறையிலே சித்திரைப் புத்தாண்டையொட்டியும் மீண்டும் ஆவணியிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. உலர்ந்த மணல் இக்கதிர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கையும், கடல்நுரை 25 பங்கையும் திருப்பி வீசும். ஆதலால் கரையிலே கருவாடு உலர்த்தும் பெண்களுக்குக் குடை மாத்திரம் போதாது. மெல்லிய முகிலும் இக்கதிர்களைப் பெரிதும் தடுப்பதில்லை.

வெயிலுக்கு அஞ்சித் தொழிலை விடுங்கள் என்று கூறுதல் தகாது. அடுப்பு எரிய வேண்டுமன்றோ! ஆனால் பகல் 10 மணி முதல் 2 மணி வரையுள்ள வேலையில் இயன்றதைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றலாம். அகன்ற பனையோலைத் தொப்பியும் நெருங்கிய நெசவுள்ள முழுக்கைச் சட்டையும் சிறந்த காவல். வசதியுடையோர் வெயிற்காப்புக் களிம்பும் பூசலாம். அவுஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்டோரிடையே நிகழ்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் களிம்பு பூசியோரின் தோல் நாலரை ஆண்டுகளில் மற்றையோரினும் 24 சதவீதம் குறைவாகவே முதுமையுற்றிருந்தது.

இறுதியாக ஒன்று. வெயில் படும் இடத்தில் வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, வடிவம் மாறும் மறுவோ தோன்றினால், “வயதுதானே” என்று வாளாவிருத்தல் கூடாது. அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.