எக்ஸ்போசித்தோ: புறத்தே வைக்கப்பட்டவர்களின் பெயர்



பெயராய்வு குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ஊர்ப்பெயர், மக்கட்பெயர் என நம் மொழியிலேயே ஆயத்தக்கவை மிகப்பல உள. ஆயினும் இன்று வேற்றுநாட்டுப் பெயர் ஒன்றை உங்கள்முன் வைக்க விழைகிறேன். ஸ்பெயின் நாட்டில் வழங்கும் 'எக்ஸ்போசித்தோ' என்னும் குடும்பப்பெயர் அது. பெயர் என்பது பெற்றோர் அன்பால் இடுவது என்ற எண்ணத்தோடு இத்துறைக்குள் நுழைந்தவள் நான். அவ்வெண்ணத்தை அசைத்த பெயர் இது.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'எக்ஸ்போசித்துஸ்' என்னும் எச்சவடிவம், 'வெளியே வைக்கப்பட்ட' என்று பொருள்படும். ஸ்பானிய மொழியில் அது கைவிடப்பட்ட குழந்தையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிப் பின்னர்க் குடும்பப்பெயராக உறைந்தது. இலக்கணம் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இது செயப்பாட்டு வினையின் வழிவந்த பெயர். செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு. செய்தவர் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். வைக்கப்பட்டது குழந்தை. வைத்தவர் யார்? பெயர் அதைச் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதற்காகவே அமைந்த பெயர் அது.

ஸ்பெயினில் இக்குழந்தைகளை ஏற்க அறச்சாலைகள் இருந்தன. அவற்றின் சுவரில் 'தோர்னோ' எனப்படும் சுழலும் மரக்கூடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றுவார், உள்ளிருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை மற்றவர் காண வேண்டுவதில்லை. சில குழந்தைகளோடு ஒரு சீட்டு வரும். சிலவற்றோடு ஒரு பதக்கம், ஒரு நாடாத் துண்டு. பின்னொரு நாள் திரும்பி வந்து அடையாளம் காட்டி மீட்கலாம் என்ற நினைவோடு வைக்கப்பட்டவை அவை. மீட்க வந்தோர் மிகச் சிலரே.

மத்ரித் நகரின் அறச்சாலைக்கு 'இன்க்ளூசா' என்று பெயர். நெதர்லாந்தின் எங்க்ஹய்சன் என்னும் ஊரிலிருந்து ஸ்பானியப் போர்வீரன் ஒருவன் கொண்டுவந்த மாதாவின் படிமம் அங்கே வைக்கப்பட்டதாகவும், அவ்வூர்ப் பெயரே மக்கள் நாவில் 'இன்க்ளூசா' எனத் திரிந்ததாகவும் கூறுவர். பின்னர் அச்சொல் அத்தகைய இல்லங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. ஓர் ஊர்ப்பெயர் தன் ஊரை முற்றிலும் மறந்து அநாதை இல்லம் என்னும் பொருளை ஏற்றது, பெயராய்வாளர் கருதத்தக்கது.

எல்லா இல்லங்களும் எக்ஸ்போசித்தோ என்றே பெயரிட்டன என்று கொள்ளற்க. சரகோசா நகரின் அருள்மாதா மருத்துவமனை, 'அருள்' எனப் பொருள்படும் 'கிராசியா' என்னும் தன் பெயரையே குழந்தைகளுக்குத் தந்தது. கத்தலோனியாவில் அருகி வழங்கும் 'தெயுலோஃபெயு' என்னும் பெயருக்குக் 'கடவுள் அவனைப் படைத்தார்' என்பது பொருள். அதுவும் கைவிடப்பட்ட குழந்தைகளோடு தொடர்புறுத்தப்படுவதே. பெற்றவர் யார் என்ற வினாவிற்கு அப்பெயரை இட்டவர் கண்ட விடையை எண்ணிப் பாருங்கள். என் கணிப்பில் அது கவிஞன் ஒருவன் இட்ட பெயர். எக்ஸ்போசித்தோவோ எழுத்தன் ஒருவன் பதிவேட்டில் இட்ட பெயர்.

1794ஆம் ஆண்டில் நான்காம் கார்லோஸ் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோர் அறியப்படாத இக்குழந்தைகள் அனைவரும் குடியியல் உரிமைகளில் முறைப்படி பிறந்தோராகவே கருதப்பட வேண்டும். அவர்களை இழிபிறப்பினர் என்று ஏசுவோர் தண்டிக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. குற்றம் புரிந்தாலும் கசையடி, தூக்கு முதலிய இழிவுதரும் தண்டனைகளை அவர்களுக்கு விதிக்கலாகாது என்றும் கூறிற்று. காரணம் வியப்பானது: அவர்கள் உயர்குடியில் பிறந்தோராகவும் இருக்கக்கூடுமன்றோ! இன்றும் அந்நாட்டுச் சுற்றுலாக் கடைகளில் குடும்பப்பெயர்களுக்குக் குலச்சின்னம் அச்சிட்டு விற்பதுண்டு. குலம் அறியாமையையே அடிப்படையாகக் கொண்ட ஒரு பெயருக்கும் எவரேனும் சின்னம் கேட்டுப் போயிருப்பாரோ என்று நான் எண்ணியதுண்டு.

ஆணை ஏச்சைத் தடுத்தது, பெயரைத் தடுக்கவில்லை. ஏசாமல் பெயர் சொல்லி அழைத்தாலே போதுமானதாயிருந்தது. பள்ளியில் வருகைப்பட்டியல் படிக்கும்போது, திருமண ஓலை வாசிக்கும்போது, அச்சொல் ஊரறிய ஒலித்தது. வகுப்பில் நாள்தோறும் பெயர் கூப்பிடும் தொழில் எனது. ஒரு பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் அதன் பொருள் என்ன என்பதை நான் அறிவேன்.

இனி, இப்பெயர் ஏன் பல்கவில்லை என்பதைப் பார்ப்போம். இல்லங்களுக்கு வந்த குழந்தைகளோ எண்ணிறந்தோர். முதற்காரணம் கொடியது: அவர்களுள் பெரும்பாலோர் பெயரைச் சுமக்கும் வயதை எட்டவேயில்லை. பால் கொடுக்கப் போதிய செவிலியர் இல்லை, நோய் மிகுதி.

இரண்டாவது காரணம் பெண்ணைப் பற்றியது. ஸ்பானியர் இரண்டு குடும்பப்பெயர் தாங்குவர்: தந்தையின் முதற்பெயர் முன்னும், தாயின் முதற்பெயர் பின்னுமாக. பெண் மணந்தபின் தன் பெயரை மாற்றுவதில்லை. நாம் லோர்கா என்று சுருக்கி அழைக்கும் கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்காவுக்குக் கார்சியா தந்தைவழி, லோர்கா தாய்வழி. ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோவுக்கும் பிக்காசோ தாய் தந்த பெயரே. கார்சியாவும் ரூயிசும் நாடெங்கும் மலிந்தவை. ஆதலின் உலகம் அரியதைத் தேர்ந்துகொண்டது. எனினும் தாய்வழிப் பெயர் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. அவ்வாறே எக்ஸ்போசித்தோ என்னும் பெண்ணின் பெயர் அவள் மக்களிடம் இரண்டாம் இடத்தில் நின்று, பேரரிடம் மறையும். இல்லத்தில் வளர்ந்த ஆண்மகனின் பெயரே வழிவழி வந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் ஒப்பினால் தாயின் பெயரை முன்வைக்கலாம் என்றது; 2011இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, தந்தையின் பெயருக்கிருந்த முன்னுரிமை 2017இல் முற்றிலும் நீங்கிற்று. நெடுங்காலம் கடந்து வந்த நீதி!

மூன்றாவது காரணம், பெயரை உடையவரே அதனைத் துறந்தது. இதில் என் மனம் மிகவும் தங்கியது. 1957ஆம் ஆண்டுக் குடிப்பதிவுச் சட்டம், எக்ஸ்போசித்தோவையும் அதனை ஒத்த பெயர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை மாற்றிக்கொள்ள எளிய வழி வகுத்தது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், இனி எந்தக் குழந்தைக்கும் அலுவலர் தாமாக அப்பெயரை இடலாகாது என்று தடுத்தன. அதே விதிகள் வேறோர் இடத்தில், ஸ்பானியக் குடும்பப்பெயர் ஒன்று அழிந்துபோகாமல் காப்பதற்காகப் பெயர்மாற்றம் கோருவோர்க்குச் சலுகை தருகின்றன. அரிய பெயரைக் காக்க ஒரு கதவு. இப்பெயரைக் கைவிட ஒரு கதவு. இரண்டும் ஒரே நூலில் உள்ளன. மாற்றிக்கொண்டவரைக் கோழையென்று நான் சொல்லேன். பாட்டனுக்கு நேர்ந்ததைப் பேரப்பிள்ளை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுதித்தரக் கடமைப்பட்டவன் அல்லன்.

ஆயினும் பெயர் மறையவில்லை. அந்தலூசியாவிலும் கனேரித் தீவுகளிலும் அதனை உடையோர் இன்றும் வாழ்கின்றனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலோ, அதே சொல்லின் உடன்பிறப்பான 'எஸ்போசித்தோ' தெருவெங்கும் கேட்கும் பெயர். அங்கே அன்னுன்சியாத்தா இல்லத்தின் சுழற்கூடு 1875இல் மூடப்பட்டது. பலர் தாங்கும் பெயர் எவரையும் சுட்டிக்காட்டுவதில்லை. நேப்பிள்ஸ் வாசிக்கு அது வெறும் பெயர்.

கடல் கடந்து புவனஸ் அயர்ஸ் செல்வோம். அங்கே 1779இல் இத்தகைய இல்லம் ஒன்று நிறுவப்பட்டது. ஏசு சபையார் நாடுகடத்தப்பட்டபின் கோர்தோபா நகரில் கேட்பாரற்றுக் கிடந்த அச்சுப்பொறியை 1780இல் தருவித்து, அதன் வருவாயால் குழந்தைகளைக் காத்தனர். 'எக்ஸ்போசித்தோ குழந்தைகளின் அச்சகம்' என்பதே அதன் பெயர். அந்நகரின் முதல் செய்தித்தாள் 1801இல் அங்கேதான் அச்சாயிற்று. கைவிடப்பட்ட பொறி கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குச் சோறிட்டது. மலர் அச்சிடக் காகிதவிலை விசாரித்துக் களைத்த நம் செயலாளர் இச்செய்தியை விரும்புவார் என நம்புகிறேன்.

அர்ஜென்டினாவிலேயே பிற்காலத்தில், இத்தகைய இல்லத்தில் வளர்ந்து இப்பெயரைப் பெற்ற ஒருவர் இருந்தார். மானுவேல் ஹுவான் எக்ஸ்போசித்தோ என்பது அவர் பெயர். அவர் குடும்பப்பெயரை மாற்றவில்லை. 1918இல் பிறந்த மகனுக்கு ஓமெரோ என்றும், 1924இல் பிறந்த மகனுக்கு விர்ஹிலியோ என்றும் பெயரிட்டார். கிரேக்கத்தின் ஹோமரும் உரோமின் வெர்ஜிலும்! தனக்கு மூதாதையர் இவரென்று காட்ட இயலாத தந்தை, தன் மக்களுக்கு மூதாதையரைத் தாமே தேர்ந்து தந்தார் என்றே இதனை நான் படிக்கிறேன்.

மூத்தவர் பாடலாசிரியர் ஆனார். இளையவர் இசையமைப்பாளர் ஆனார். 1944இல் இருவரும் சேர்ந்து படைத்த 'நரான்ஹோ என் ஃப்ளோர்', அதாவது 'பூத்த ஆரஞ்சு மரம்', தாங்கோ இசையுலகில் இன்றும் பாடப்படுகிறது. அப்பாடல் அச்சான தாள்களில் சொல்லுக்கும் இசைக்கும் உரியவராக இரண்டு பெயர்கள் நிற்கின்றன: ஓமெரோ எக்ஸ்போசித்தோ, விர்ஹிலியோ எக்ஸ்போசித்தோ.