தண்டுவட மரப்பு நோயும் அறிவின் தளர்ச்சியும்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஆங்கில வைத்தியர் வழங்கும் நோயொன்று உண்டு. நம் அரசாங்கத்தார் அதனைத் தண்டுவட மரப்பு நோய் என எழுதுவர். அப்பெயர் கேட்டோர் முதுகும் காலுமே கெடும் என்றெண்ணுவர். உண்மை அதுவன்று; தண்டுவடத்தைப் போலவே மூளையையும் அது பற்றும். கால் தளர்வதை ஊரார் கண்டு இரங்குவர். அறிவு தளர்வதையோ காண்பாரில்லை. காணாமையால் நோயாளர்மேல் பழி வருகின்றது. அப்பழியை நீக்குதற்பொருட்டே யாம் பேச முன்வந்தோம்.

பாரிசு நகரத்துச் சார்க்கோ என்னும் பேராசிரியர் 1868-ஆம் ஆண்டில் இந்நோயை விளக்கியபொழுதே, நினைவு மங்குதலையும் எண்ணம் மெல்ல எழுதலையும் குறித்துப் போந்தார். ஆயினும் பின்வந்தோர் பலர் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்திலர். நோயாளருள் நூற்றுக்கு 40 பேர்க்குக் குறையாமல் இத்தளர்ச்சி உண்டென்று பிற்காலத்துச் சோதனைகள் காட்டின.

இதன் காரணத்தை ஆராய்வோம். மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல, நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே திரிந்து அவ்வுறையை அரிக்கின்றது. அரித்தவிடத்துச் செய்தி தாமதிக்கும். சிலவிடத்து இழையே அற்றுப்போம்.

லாரித்தொழில் அறிந்த நமக்கு மேல்நிகழ்வது எளிதில் விளங்கும். இராசிபுரம் வழி அடைபட்டால், நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் லாரி திருச்செங்கோடு, சங்ககிரி வழியே சுற்றிப்போகும். சரக்கு வந்து சேரும். ஆனால் நேரமும் டீசலும் மிகும். மூளையும் அத்தகையதே. அதன் பகுதிகள் ஒன்றோடொன்று செய்தி மாற்றியே நினைக்கின்றன, கணக்கிடுகின்றன. எம்.ஆர்.ஐ. படங்களைக்கொண்டு ஆராய்ந்தோர், தொடக்கத்தில் நோயாளர் பலர்க்குப் பிற பகுதிகள் மிகுந்து உழைத்துக் குறையை நிரப்புதலைக் கண்டனர். வழிகள் பல கெட்டபின் அந்நிரப்புதலும் இயலாதாகின்றது. மூளையின் நடுவே சந்திப்பு நிலையம்போல் விளங்கும் தாலமசு என்னும் பகுதி சுருங்குங்கால் தளர்ச்சி மிகுதலும் கண்டுள்ளனர்.

பெரும்பாலும் முதலில் குறைவது விரைவேயாகும். 90 விநாடிக்குள் குறிகளுக்குரிய எண்களைச் சொல்லச்செய்யும் எளிய சோதனையால் வைத்தியர் அதனை அறிவர். பேச்சும் முன் கற்ற கல்வியும் பெரிதும் நிலைத்திருக்கும். இங்கேதான் இடர் விளைகின்றது. நன்றாகப் பேசுகின்ற மருமகள் இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்யத் தடுமாறினால், 'சோம்பல்', 'அலட்சியம்' என்பர் வீட்டார். இந்நோய் தோன்றுவது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள். ஆடவரினும் பெண்டிர்க்கே மிகுதி. மணமும் மகப்பேறும் நிகழும் பருவம் அது. பழி சுமந்து பிறந்தகம் மீளும் பெண்ணின் துயரைத் தாய்மார்கள் அறிவீர்கள்.

நிற்க. சித்திரை வெயிலில் நம் பக்கத்து நோயாளர் மிகவும் சோர்வர். உறையிழந்த நரம்பில் சூடு ஏறினால் செய்தி பின்னும் தடைப்படும். உடலுழைப்பின்பின் இந்நோயாளர்க்குப் பார்வை சிறிதுபொழுது மங்குதலை ஊட்டாப் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1890-இல் எழுதினார். உடல் குளிர்ந்தபின் அச்சோர்வு நீங்கும். ஆதலின் கருத்துன்றிச் செய்யும் வேலைகளைக் காலைக் குளிர்ச்சியில் வைத்துக்கொள்க. ஒரு நேரத்தில் ஒரு வேலையே கொடுமின். சொல்வதை எழுதிக் கொடுமின். விடை சொல்லக் காலம் கொடுமின்.

இது தொற்றுநோயன்று, தெய்வ குற்றமுமன்று. முற்றும் தீர்க்கும் மருந்து இல்லையெனினும், நோயின் போக்கைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. காலந்தாழ்த்தாது நரம்பியல் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். கால், கண் இவற்றோடு நினைவையும் சோதிக்கும்படி கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்று. தமிழ்நாட்டரசு பராமரிப்பு உதவித்தொகையும் வழங்குகின்றது. அதனை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தறியலாம்.

நம் சங்கத்தார்க்கு விண்ணப்பம் இரண்டு. இவ்விண்ணப்பங்களை எழுதிக்கொடுக்க ஊர்தோறும் ஓர் இளைஞரை அமர்த்துக. தறிக்கூடமும் லாரி அலுவலகமும் நடத்தும் அன்பர்கள், வேலையாள் ஒருவர்க்கு இந்நோய் எனின், உடனே நீக்காது அவர்க்கு இயன்ற வேலையைத் தந்து வைத்துக்கொள்க. இவ்விரண்டையும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு வேண்டி அமர்கின்றோம்.