‘ரன்’ என்றால் ஓட்டம் மட்டுமா?

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 430 பொருள்களோடு முன்னின்ற சொல் ‘செட்’. பிறகு அந்த இடத்தை ‘ரன்’ பிடித்தது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்கள்! அவற்றைத் தொகுத்து முடிக்க அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கும் இடத்தில் தமிழ் சொல்லை மாற்றிக்கொள்ளும். நிறுவனத்தை நடத்துகிறார், தேர்தலில் நிற்கிறார், மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது. வீட்டில் ஆங்கிலமே கேட்டு வளரும் பிள்ளையின் காதில் இவை விழாவிட்டால், ‘அப்பா கடை ஓடுகிறார்’ என்றுதான் கட்டுரையில் எழுதும். மதிப்பெண் போவது இருக்கட்டும், தாத்தா பாட்டிக்கே பேரன் பேச்சு புரியாது.

நம்முடைய ‘ஓடு’ம் இலேசுப்பட்டதல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது. கடைகூட நன்றாக ஓடும். ஆனால், அதை அப்பா நடத்த வேண்டும்.