முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டி, பாடசாலை நூலக மண்டபத்தில் பழைய மாணவிகள் சங்கத்தின் வாசிப்பு வட்டம் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பழைய இலக்கியத்தைப் படிக்க விரும்புகிற ஒருவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்ல எங்களுக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். நாங்கள் ஒருமுறை பிழையான இடத்தில் தொடங்கினோம்.

வாசிப்பு வட்டத்தை ஆரம்பித்தபோது நாங்கள் பதினான்கு பேர். ஒரு சிலரைத் தவிர மற்ற எல்லோரும் பரீட்சையோடு தமிழ் இலக்கியத்தை மூடி வைத்தவர்கள். தொடங்குவதென்றால் பெரிதாகத் தொடங்குவோம் என்று கம்பராமாயணத்தை எடுத்தோம். முதற் பாட்டிலிருந்து ஒன்றும் விடாமல் படிப்பது என்பது தீர்மானம். பாயிரம் முடிந்தது. ஆற்றுப் படலம், நாட்டுப் படலம், நகரப் படலம், அரசியல் படலம் என்று நாலு படலங்கள். ஐந்தாவது படலத்திலேதான் இராமன் பிறக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்னரே எங்கள் வட்டத்தில் ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

நின்றுபோனவர்கள் கம்பனைக் குறை சொல்லவில்லை. தங்களையே குறை சொன்னார்கள். ஓய்வுபெற்ற ஒரு சகோதரி, “எனக்கு இது அப்பவும் வரேல்லை, இனியும் வராது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் எங்களை வருத்தியது. தன் தாய்மொழியின் மிகச் சிறந்த நூல்கள் தனக்கு உரியவை அல்ல என்று ஒருவர் முடிவு கட்டுவதற்கு நாங்கள் காரணமாகிவிட்டோம். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியத்தின் வாசலில் நிறுத்தி, எல்லாப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறு என்று சொன்னது எங்கள் பிழை.

பிறகு நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். பழைய நூல் எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது? சொற்கள் பழையவை என்பது ஒரு காரணம். ஆனால் அது முதற் காரணம் அல்ல. ஏட்டில் எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதவில்லை. அச்சுக்கு வந்தபோதும் பல பதிப்புகளில் பாட்டு சீர் பிரித்தே அச்சாகியது. சீர் ஓசைக்காகப் பிரிவது. அது ஒரு சொல்லின் நடுவிலும் வெட்டும். தெரிந்த சொல்லே அப்போது தெரியாத சொல்லாகிவிடும். 1950களில் சென்னையில் மர்ரே எஸ். ராஜம் என்பவர் பழைய நூல்களைச் சந்தி பிரித்து, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டார். அப்படிப் பிரித்த பாட்டையும் பிரிக்காத பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக் கடினம் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே எந்த நூல் என்று கேட்பதற்கு முன் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

இரண்டாவது காரணம் நீளம். மூன்றாவது, யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் பாட்டுக்குள் நுழைவது. இவற்றை வைத்து நாங்கள் மூன்று கேள்விகளை அமைத்துக்கொண்டோம். ஒரே இருப்பில் படித்து முடிக்கலாமா? பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்பதை ஒரு வசனத்தில் சொல்லிவிடலாமா? பதம் பிரித்த பதிப்பு கைக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால், அது தொடங்குவதற்கு ஏற்ற நூல்.

இந்த அளவுகோலோடு போனபோது முதலில் எங்கள் கைக்கு வந்தது குறுந்தொகை. நானூறு பாட்டுகள். பெரும்பாலும் நாலு அடிக்கும் எட்டு அடிக்கும் இடைப்பட்டவை. அதில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டை எடுத்தோம். ஆறே அடிகள். புதிதாக மணம் முடித்த பெண் சமைக்கிறாள். தயிரைப் பிசைந்த விரல்கள். மாற்றிக் கட்ட நேரமில்லாத சேலை. தாளிப்புப் புகை ஏறிய கண்கள். அவள் பாடுபட்டு ஆக்கிய புளிக்குழம்பை, நன்றாக இருக்கிறது என்று கணவன் உண்கிறான். அவள் முகம் மெல்ல, மிக மெல்ல மலர்கிறது. அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெண்ணின் தாயிடம் சொல்கிறாள். இவ்வளவுதான். எங்களில் ஒருவர், “அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லேல்லையே” என்றார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். உரை நூலை அதற்குப் பிறகுதான் திறந்தோம்.

அடுத்த கிழமை புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாரியின் பெண்மக்கள் பாடியது. ஐந்து அடிகள். மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பு மலை விழுந்த பிறகு பாடியது என்ற ஒரு செய்தி போதும். போன மாதத்து வெண்ணிலவில் எங்களுக்குத் தகப்பனும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் மலையையும் பிறர் கொண்டார்கள், தகப்பனும் இல்லை. அழுகிறோம் என்ற சொல் அதில் இல்லை.

பாட்டை இரண்டு தரம் சத்தமாக வாசித்தோம். யாரும் பேசவில்லை. பிறகு, முன்னர் வராது என்று சொல்லிப் போனவரும் நாங்கள் வற்புறுத்தித் திருப்பி அழைத்து வந்தவருமான அந்தச் சகோதரி பேசினார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர் அவர். “இவையள் மலையைச் சொல்லேக்க நான் எங்கட கிணத்தடியை நினைச்சன். அந்த வருசம்தான் ஐயாவும் போனவர்” என்றார். ஈராயிரம் ஆண்டளவு பழைய பாட்டு ஒன்றுக்கு அதைவிடச் சிறந்த உரையை நாங்கள் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

எங்களுள் தமிழ் கற்பித்த மூத்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு நியாயமான ஆட்சேபம் சொன்னார். இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கிப் படிப்பது நூலுக்குச் செய்யும் மரியாதையா? எளிமையை மட்டும் தேடினால் அருமையானது கை நழுவாதா?

நாங்கள் அவருக்குச் சொன்ன பதில் எங்கள் ஊர் வழக்கத்திலிருந்தே எடுத்தது. எங்கள் கோயில்களில் கந்தபுராணம் எப்படிப் படிக்கப்பட்டது? ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். எழுத வாசிக்கத் தெரியாத கிழவிகளும் தூணோரம் இருந்து கேட்டார்கள். அவர்களிடம் யாரும் முதலில் இலக்கணம் படித்து வா என்று சொல்லவில்லை. செய்யுள் நூல்களில் ஆழ்ந்த ஆறுமுக நாவலரே 1852இல் பெரியபுராணத்தை வசனமாக எழுதி அச்சிட்டார். வசனம் செய்யுளுக்குப் பதில் ஆகாது என்பது அவருக்குத் தெரியாததா? வாசல் ஒன்று வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாரதியும் 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதம் முதற் பாகத்தின் முகவுரையில், ஓரிரு ஆண்டு நூற்பழக்கம் உள்ளவர்களுக்கும் விளங்கும்படி காவியம் செய்ய வேண்டும் என்று எழுதினார். எளிய சொல் என்பதால் அந்தக் காவியம் சிறுத்துப் போய்விடவில்லை.

ஆனால் ஆசிரியையின் கேள்வியில் பாதி சரி. வாசலிலேயே நின்றுவிடக் கூடாது. ஆகவே நாங்கள் ஒரு வரிசை வைத்துக்கொண்டோம். குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் பத்துப் பத்துப் பாட்டுகள். அதன் பிறகு சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் இருபதாவதாகிய வழக்குரை காதை. நூறடிக்குள் முடியும். வற்றாப்பளையிலும் மட்டக்களப்பு ஊர்களிலும் கண்ணகியை அம்மனாக வணங்குகிறவர்கள் நாங்கள். கதை எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. அந்தக் காதையில் சிலம்பு உடைகிற இடத்தைக் கேட்டவர்கள், அதற்கு முன் என்ன நடந்தது என்று தாங்களாகவே பின்னோக்கிப் போனார்கள். மூன்றாவது, திருக்குறளில் காமத்துப்பாலின் இருபத்தைந்து அதிகாரங்கள். பாடசாலையில் அறமும் பொருளும் மனனம் செய்த எங்களுக்கு, வள்ளுவர் இவ்வளவு குறும்பாகவும் பேசுவார் என்பது அறுபது வயதில்தான் தெரிந்தது. நாலாவதாக, தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாகப் படிக்கும் முதல் நூல், புகழேந்தியின் நளவெண்பா. மூன்று காண்டங்கள், நானூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள். தனித்தனியே எடுத்துச் சுவைக்கலாம். சேர்த்துப் படித்தால் ஒரு முழுக் கதை. அதை முடித்த பிறகு மறுபடியும் கம்பனிடம் போனோம். இம்முறை கங்கைக் கரையில் குகனைச் சந்திக்கும் இடத்தில் தொடங்கினோம். இன்று அயோத்தியா காண்டம் முடிந்துவிட்டது. அந்த நாலு படலங்களையும் ஒருநாள் படிப்போம். ஆற்றின் அழகை ரசிக்க இப்போது எங்களுக்குப் பொறுமை வந்திருக்கிறது.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. பரீட்சைக்குப் படிக்கும் பாட்டை வெறுக்காதீர்கள். ஆனால் பாடவிதானத்தில் இல்லாத ஒரு பாட்டையாவது, புள்ளிக்காக அல்லாமல், வீட்டில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு விளங்காத ஒரு சொல் அவருக்கு விளங்கும். பிறநாடுகளிலிருந்து விழாவுக்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று. அங்கே உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழை முழுதாகக் கொடுக்க முடியவில்லையே என்று வருந்துகிறீர்கள். முழுதாக வேண்டாம், ஐந்து அடி கொடுங்கள். நூல் கிடைக்கவில்லை என்ற கவலை வேண்டாம். மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இந்த நூல்களின் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது.

எங்கள் வட்டம் ஒவ்வொரு மாதமும் முதலாவது சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இதே மண்டபத்தில் கூடுகிறது. கட்டணம் இல்லை. முன்னறிவு தேவையில்லை. பதம் பிரித்த பிரதி ஒன்றை வாசலில் தருவோம். உங்கள் பக்கத்து வீட்டில் “எனக்கு இது வராது” என்று சொல்கிற ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.